45 நாளும் 5 ஆண்டும்

2020 ஜனவரி 2ஆம் தேதி, சம்பா கதிர் முற்றி அறுப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், தஞ்சாவூர் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களிலும் வாக்கு எண்ணிக்கை தொடங்கியது. பெட்டியைக் கவிழ்த்தால் நான்கு விதச் சீட்டுகள் கலந்து விழும். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நிறம் பிரித்து, கட்டுக் கட்டி, செல்லாததை ஒதுக்கி, அதற்குப் பிறகுதான் எண்ண வேண்டும். பல இடங்களில் இரவு போய் மறுநாளும் எண்ணினார்கள். தூக்கம் கெட்ட முகவர், அவசரப்படும் அலுவலர், வெளியே மேளத்தோடு காத்திருக்கும் கூட்டம். பின்னால் வழக்காக வெடிப்பதில் பெரும்பகுதி அந்த மேஜையில்தான் விளைகிறது.

அன்றைய தேதியில் முடிவு வெளியான ஓர் ஊராட்சியில் தோற்றவர் வழக்குப் போட விரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 258 அவருக்கு 45 நாள் தருகிறது. மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். இதற்குள் பொங்கல் வருகிறது, அறுவடை வருகிறது, தேர்தலுக்கு வாங்கிய கடன் வாசலில் வந்து நிற்கிறது. 45ஆவது நாள் பிப்ரவரி 16. காலண்டரைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று கொடுத்தால் செல்லுமா?

செல்லும் என்றே சொல்லலாம். கெடுவின் கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால் அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்யலாம் என்ற பொதுவிதி தேர்தல் மனுவுக்கும் உண்டு என்று ஹரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் கடைசி நாள் சனிக்கிழமையாக இருந்தால்? 1972இல் பீகாரின் தர்பங்காவில் லலித் நாராயண் மிஸ்ராவின் வெற்றியை எதிர்த்த மனுவின் கதி அதுதான். சனிக்கிழமை நீதிபதிகள் அமரவில்லை என்பதால் திங்கட்கிழமை கொடுத்தார்கள். சனிக்கிழமையும் மனுவை வாங்கிக்கொள்ள அலுவலகத்தில் ஏற்பாடு இருந்தது, ஆகவே நீதிமன்றம் மூடியிருந்ததாகக் கொள்ள முடியாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. தாமதத்தை மன்னிக்கும் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் இங்கே உதவாது என்றது. அது நாடாளுமன்றத் தேர்தல் பற்றிய தீர்ப்பு. ஆனால் ஒரு நாள் பிந்திய ஊராட்சி மனு எதுவானாலும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக்காட்டுவது அதைத்தான்.

இந்தக் கண்டிப்பின் வேர் எங்கே என்று தேடினால் தமிழ்நாட்டுக்கே வந்து சேர்கிறோம். குடியரசின் முதல் பொதுத்தேர்தலில், அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்ற வேட்பாளரின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போனார், தள்ளுபடியானது. 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் இன்றுவரை நிற்கிறது: அறிவிக்கை வெளியானது முதல் முடிவு அறிவிக்கும் வரை நடப்பதெல்லாம் சேர்ந்ததுதான் தேர்தல், அதற்கு நடுவே நீதிமன்றம் கை வைக்காது, குறை இருந்தால் எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனு மூலம் வா. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் போட்டிருந்த அதே பூட்டை 243-ஓ என்ற பிரிவாக ஊராட்சிக்கும் போட்டார்கள்.

தஞ்சை மாவட்டத்தில் 589 கிராம ஊராட்சிகள், திருவாரூரில் 430. ஒவ்வொன்றிலும் தலைவர் பதவிக்கும் வார்டுகளுக்கும் போட்டி. கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, கை உருளை போன்ற சுயேச்சைச் சின்னங்கள்தான். ஒற்றை இலக்க வித்தியாசத்தில் ஜெயிப்பது புதுமையல்ல, சமமாகிக் குலுக்கல் போடுவதும் உண்டு. சட்டமன்றத் தேர்தலில் தோற்றவருக்கு உயர் நீதிமன்ற வக்கீலும் கட்சியின் சட்டப் பிரிவும் பக்கத்தில் இருக்கும். ஊராட்சியில் தோற்றவருக்குப் பக்கத்து டவுனில் நிலத்தகராறு வழக்கு நடத்திய வக்கீல் இருப்பார். இருவருக்கும் ஒரே கண்டிப்பு.

மனு எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

தோற்றவர் கோபத்தில் எல்லோரையும் இழுக்க நினைப்பார். வென்றவர், அவருடைய மைத்துனர், தேர்தல் நடத்திய அலுவலர், ஆட்சியர், மாநிலத் தேர்தல் ஆணையம், சில நேரம் உள்ளூர் எம்.எல்.ஏ. வரை எதிர்மனுதாரர் பட்டியல் நீளும். அதே சமயம், 11 வாக்கு வாங்கிய நான்காவது வேட்பாளரை மறந்துவிடுவார். அவர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போயிருப்பார். சட்டம் கேட்பது அவரைத்தான். போட்டியிட்டவரைச் சேர்க்காமல் விட்டால் அவசியத் தரப்பு இல்லை என்று மனுவே ஆட்டம் காணும், வேண்டாதவரைச் சேர்த்தால் அவரை நீக்கச் சொல்லி ஓர் இடைமனு வந்து அதற்கே சில வாய்தாக்கள் ஓடும். மேற்கு வங்கத்தின் பாரக்பூர் தொகுதித் தகராறில் முதலமைச்சர் ஜோதி பாசுவையே எதிர்மனுதாரராகச் சேர்த்தார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் அவரை நீக்கிவிட்டு, தேர்தலை எதிர்க்கும் உரிமை அடிப்படை உரிமையும் அல்ல, பொதுச்சட்ட உரிமையும் அல்ல, சட்டம் எழுதித் தந்த அளவுக்குத்தான் உண்டு என்றது. தேர்தல் வழக்குகளில் அதிகம் மேற்கோளாவது இந்த நிலைப்பாடாகத்தான் இருக்கும்.

யார் கையால் கொடுப்பது என்பதும் ஒரு கேள்வி. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் மனுதாரர் நேரில் நின்று தாக்கல் செய்ய வேண்டும், வக்கீல் மட்டும் போய்க் கொடுத்தால் செல்லாது என்று ஸ்ரீராம ரெட்டி வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவரம் தெரிந்த வக்கீல் ஊராட்சி வழக்கிலும் கட்சிக்காரரைக் கையோடு அழைத்துப் போவார்.

காகிதத்தின் பலம் எவ்வளவு என்று காட்ட காவிரி டெல்டாவின் மிகப் பிரபலமான மகனின் வழக்கைவிடப் பொருத்தமானது இல்லை. திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி 1980 சட்டமன்றத் தேர்தலில் சென்னை அண்ணாநகரில் எச்.வி. ஹண்டேயை 699 வாக்கில் வென்றார். ஹண்டே தேர்தல் மனு போட்டார். அதில் இரண்டு ஆட்சேபணைகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. ஒன்று, 2,000 ரூபாய் பிணைத்தொகையை உயர் நீதிமன்ற அலுவலகத்தில் கட்டாமல் ரிசர்வ் வங்கியில் செலான் மூலம் கட்டியது. பணம் கட்டியாக வேண்டும் என்பதுதான் கட்டாயம், எங்கே எப்படி என்பது அத்தனை கட்டாயமல்ல என்று நீதிமன்றம் அதை விட்டுவிட்டது. இரண்டாவது, ஓர் அலங்கார பேனரின் புகைப்படம். அளவுக்கு மீறிச் செலவு செய்தார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக மனுவில் அது சேர்க்கப்பட்டிருந்தது, ஆனால் எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நகலில் இல்லை. மனுவின் ஒரு பகுதியையே கொடுக்காமல் விட்டதாக ஆகிறது என்று 1983இல் மனு தொடக்கத்திலேயே விழுந்தது. பேனருக்கு எவ்வளவு செலவானது என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் கையில் குற்றச்சாட்டு முழுசாக இருக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அதே அளவுகோலை ஒரத்தநாட்டு ஒன்றியத்தில் தோற்ற ஒரு வார்டு வேட்பாளர் மீது வைக்கும்போது சட்டத்தின் முகம் வேறாகத் தெரிகிறது.

ஊராட்சி வழக்குகளில் மிகுதியாகக் கேட்கப்படுவது மறு எண்ணிக்கை. ஆகவே கண்டிப்பு மிகவும் உறைப்பதும் இங்கேதான். தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவர் தேர்தல் ஒன்றிலிருந்து எழுந்த ஷம்சுதீன் வழக்கு 1989 தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. தோற்றவர் மனுப் போட்டார், தேர்தல் தீர்ப்பாயம் சீட்டுகளை மறுபடி எண்ணச் சொன்னது, எண்ணிப் பார்த்தால் தோற்றவர் முந்தியிருந்தார். ஊரில் யாரிடம் கேட்டாலும் அத்தோடு வழக்கு முடிந்தது என்பார்கள். உச்ச நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்தபின் கிடைத்த விடையை வைத்து, திறந்ததை நியாயப்படுத்த முடியாது. திறப்பதற்கு முன்பே போதிய ஆதாரம் முன்வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது. மனுதாரரிடம் அது இல்லை. முதலில் வென்றவரே வென்றவர் என்று ஆனது.

ரகசிய வாக்கெடுப்பைக் காக்கும் விதி இது. சில நூறு வாக்காளர் உள்ள வார்டில் சீட்டைப் புரட்டினால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. அதன் விளைவைக் குத்தகைதாரரும் விவசாயக் கூலிகளும்தான் அனுபவிக்க வேண்டியிருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். யாருக்கு வாக்களித்தார்கள் என்று நிலம் வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருப்பது அங்கே வெறும் கோட்பாடல்ல. ஆகவே, ‘சும்மா எண்ணிப் பார்த்தால் என்ன கெட்டுப்போயிற்று?’ என்ற கேள்வி கேட்பதற்கு எளிது, பதில் அத்தனை எளிதல்ல.

என்றாலும் முன்கூட்டிய ஆதாரம் எங்கிருந்து வரும்? எண்ணும் மேஜையிலிருந்து மட்டுமே வரும். முடிவு அறிவிக்குமுன் எழுத்தில் மறு எண்ணிக்கை கேட்டு, காரணத்தையும் எழுதி, அதன் மேல் அலுவலரின் பதிலை வாங்கியிருக்க வேண்டும். எந்தச் சாவடியின் கட்டில், எத்தனை சீட்டு, என்ன காரணத்தால் தவறாகத் தள்ளப்பட்டது என்று முகவர் அங்கேயே குறித்திருக்க வேண்டும். மனுவில், ‘எனக்கு விழுந்த பல வாக்குகளைச் செல்லாதவை என்று ஒதுக்கிவிட்டார்கள்’ என்று எழுதினால் போதாது. ‘4ஆம் சாவடியில் முத்திரை கோட்டில் பட்டது என்று 9 சீட்டுகளை ஒதுக்கினார்கள், என் முகவர் அப்போதே ஆட்சேபித்து எழுதிக் கொடுத்தார்’ என்று எழுதினால் நீதிமன்றம் காது கொடுக்கும். வித்தியாசம் 6 வாக்கு என்றால் அந்த 9 சீட்டும் முடிவை மாற்றக்கூடியவை என்பதையும் சொல்லியாக வேண்டும். பல மனுக்களுக்குக் கொடுத்து வைத்தது முதல் வகை வாசகம்தான். விடிய விடிய விழித்திருந்த முகவரிடம் பேனாவும் தாளும் இருந்திருக்காது, கேட்டபோது அலுவலர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றிருப்பார். 45 நாள் கழிந்தபின் புதிய காரணம் எதையும் மனுவில் நுழைக்க முடியாது என்பதால், முதலில் எழுதாமல் விட்டது விட்டதுதான்.

இதே குறையைச் சொல்லி, விசாரணைக்குப் போகாமலே மனுவைத் தள்ளச் சொல்வதுதான் வென்றவரின் முதல் ஆயுதம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 11இன் கீழ் ஓர் இடைமனு (ஐ.ஏ.) போடுவார்கள். ராஜீவ் காந்தியின் தேர்தலை எதிர்த்த அசர் உசேன் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், அடிப்படைச் செய்திகள் இல்லாத தேர்தல் மனுவை வாசலிலேயே தள்ளலாம், தள்ளவும் வேண்டும் என்று வழி காட்டியிருந்தது. இல்லாத வழக்கின் வாள் வென்றவரின் தலைக்கு மேல் ஆண்டுக்கணக்கில் தொங்கக் கூடாது என்பது நோக்கம். கீழமை நீதிமன்றங்களில் இது தலைகீழாகிவிட்டது. எலெக்‌ஷன் ஓ.பி. (தேர்தல் மனு) முதலில் நம்பர் ஆக வேண்டும். குறை சுட்டி ரிட்டர்ன் வரும், சரிசெய்து மறுபடி கொடுக்க வேண்டும். நம்பரானபின் நோட்டீஸ், வெளியூரில் இருக்கும் நான்காவது வேட்பாளருக்குப் போய்ச் சேராமல் திரும்பி வரும். பிறகு விதி 11 மனு, அதற்கு எதிருரை, அதற்கு விவாதம், அதற்கு உத்தரவு. உத்தரவு யாருக்குப் பாதகமானாலும் அவர் உயர் நீதிமன்றத்தில் உரிமையியல் சீராய்வு மனு (சி.ஆர்.பி.) போடுவார். அங்கே ஸ்டே கிடைத்தால் கீழே வழக்குக் கட்டு தூங்கும். வாசலிலேயே முடிக்கத்தான் அந்த விதி வந்தது. நடப்பில் வழக்கு வாசலைத் தாண்டாமல் இருக்கப் பயன்படுகிறது.

டெல்டாவுக்கென்று இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கியபோது தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக்குப் போனது, திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையிலேயே தங்கின. ஒரே ஆற்றுத் தண்ணீரில் நாற்று விடும் இரண்டு ஊர்களில் ஒன்றின் சி.ஆர்.பி. மதுரையிலும் மற்றொன்றின் சி.ஆர்.பி. சென்னையிலும் நடக்கும். நீடாமங்கலத்துக்காரர் ராத்திரி ரயிலேறுவார், பக்கத்து ஒன்றியமான அம்மாப்பேட்டைக்காரர் மதுரை பஸ்ஸுக்கு நிற்பார். செலவுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

இதற்குள் பதவிக்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். அதுவரை முடியாமல் கிடந்த மனுவை வென்றாலும் உட்கார நாற்காலி இல்லை. பயனற்றுப் போனது என்று ஒரு வரியில் முடித்து வைப்பார்கள். மனு போடத் தோற்றவருக்குச் சட்டம் 45 நாள் என்று கறாராகச் சொல்கிறது. விசாரிப்பவருக்கு அப்படி ஒரு கறார் கெடு கிடையாது. சட்டமன்ற, நாடாளுமன்ற மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது, அங்கேயே அது ஏட்டளவில்தான் இருக்கிறது.

சரி, தேர்தல் மனுவை விட்டுவிட்டு நேராக ரிட் போட்டால் என்ன? ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் இதை முயல்கிறார்கள், பெரும்பாலும் 243-ஓ குறுக்கே நிற்கிறது. 2020 ஜனவரியில் காரைக்குடிப் பக்கம் சங்கராபுரம் ஊராட்சியில் தலைவர் பதவிக்கு இரண்டு பேருக்கு வெற்றிச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, விவகாரம் நீதிமன்றங்களில் இழுபட்டது. இத்தனை அப்பட்டமான குளறுபடிக்கும் ஒரு நாளில் தீர்வு இல்லை. ஆனால் 2016 அக்டோபரில், வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரத்துக்கு முன், அறிவிக்கை விதிப்படி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலையே ரத்து செய்தது. அதன் பலனாக டெல்டா ஊராட்சிகளில் 2020 ஜனவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே இல்லை. ஓர் ஊரின் முடிவைத் தொடத் தயங்கும் ரிட் அதிகாரத்துக்கு ஒரு மாநிலத்தின் தேர்தலை நிறுத்தும் வலு இருந்திருக்கிறது. இந்த முரணைச் சட்ட அறிஞர்கள் இன்னும் தீர ஆராய வேண்டும்.

ரிட் வழி திறந்த அபூர்வமான சம்பவமும் காவிரிக் கரையில்தான் நடந்தது. 1984 சட்டமன்றத் தேர்தலில் லால்குடியில் வென்ற வெங்கடாசலம் அந்தத் தொகுதியின் வாக்காளரே அல்ல. பட்டியலில் அதே பெயரில் இருந்த வேறொருவரின் பதிவைத் தன்னுடையதாகக் காட்டி வேட்புமனு கொடுத்திருந்தார். தோற்ற வேட்பாளர் தேர்தல் மனுவுக்கான கெடுவைத் தவறவிட்டு, ரிட் மனுவோடு உயர் நீதிமன்றம் போனார். தகுதியே இல்லாதவர் சபையில் உட்கார்ந்திருப்பதைத் தேர்தல் தகராறு என்ற போர்வைக்குள் வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது 1999இல். அந்தச் சட்டமன்றம் 1988 ஜனவரியிலேயே கலைந்துவிட்டது.

ஹரியானாவிலிருந்து அண்மையில் வந்த செய்தி இதற்கு மறுபக்கம். பானிபட் மாவட்டத்தின் புவானா லாகூ கிராமத்தில் 2022 நவம்பர் 2ஆம் தேதி ஊராட்சித் தலைவர் தேர்தல். தோற்றவர் போட்ட மனுவில் தீர்ப்பாயம் 69ஆம் சாவடியை மறுபடி எண்ணச் சொன்னது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனதும், 65 முதல் 70 வரையுள்ள எல்லாச் சாவடிகளின் இயந்திரங்களையும் டெல்லிக்கு வரவழைத்து, 2025 ஆகஸ்ட் 6ஆம் தேதி தன் வளாகத்திலேயே, இரு தரப்பும் பார்க்க, வீடியோ எடுத்து எண்ணினார்கள். தோற்றதாக அறிவிக்கப்பட்டவருக்கு 1,051, வென்றவருக்கு 1,000. ஐந்தே நாளில், முன்னவரையே வென்றவராக அறிவிக்கும்படி உத்தரவு வந்தது. எண்ணுவதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. எண்ணலாமா என்று முடிவு செய்யத்தான் இரண்டே முக்கால் ஆண்டு ஆனது.

45 நாளைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். வென்றவர் நிம்மதியாக வேலை பார்க்க அந்தக் கெடு தேவை. மறு எண்ணிக்கைக்கு முன்னாதாரம் கேட்பதையும் விட முடியாது, டெல்டாவில் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பூர்வாங்க ஆட்சேபணைகளைத் தனித்தனி மனுவாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சி.ஆர்.பி. போட இடம் கொடுப்பதை நிறுத்தலாம். முதல் விசாரணை நாளிலேயே எல்லா ஆட்சேபணைகளையும் ஒன்றாகக் கேட்டு ஒரே உத்தரவு போடலாம். ஒரு தரப்பைச் சேர்க்காதது, நகலில் பக்கம் விடுபட்டது போன்ற குறைகளைச் சரிசெய்ய ஒரே ஒரு தவணை கொடுக்கலாம். எண்ணும் மேஜையில் முகவர் எழுதித் தரும் ஆட்சேபணைக்கு நேரம் போட்டுக் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு தருவதை அலுவலருக்குக் கட்டாயமாக்கலாம். இதற்கு அரசியல் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. ஊராட்சித் தேர்தல் விதிகளில் ஒரு திருத்தமும், உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு அனுப்பும் ஒரு சுற்றறிக்கையும் போதும்.